கோட்டுக்காரி செத்தாளா இல்லையா

இருளாயியைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் அவள் மோட்டார் சைக்கிள் ஓட்டினதைத்தான் முதலில் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. எழுபத்தெட்டில் பேரா மாநிலத்துப் புந்தோங்கில் மோட்டார் ஓட்டின பெண்களே இல்லையா? சீனத்திகள் பின்னால் காய்கறிக் கூடையைக் கட்டிக்கொண்டு என் பட்டறை வாசல் வழியாகத்தான் தினமும் மார்க்கெட்டுக்குப் போனார்கள். அவர்களை ஒருவனும் வாய் பிளந்து பார்க்கவில்லை. நம்ம ஆளு ஓட்டினால் மட்டும் நம்ம ஆட்களுக்கு ஏனோ வயிறு எரியும். அவள் ஓட்டின ஹோண்டா கப்சாய் மோட்டாருக்கு எண்ணெய் மாற்றிச் செயினை இறுக்கிக் கொடுத்தவன் நான். அதனால் அவள் கதையை உள்ளபடி சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பிறந்தது பத்து காஜா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். பாவாடை சட்டை போட்ட வயதிலேயே பால்மரம் வெட்டப் போய்விட்டாள். பிச்சைமுத்துவைக் கட்டிக்கொண்ட பிறகு முதலாளிகள் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். புதிதாக வாங்கினவனுடைய குத்தகைக்காரன் இவர்களுக்கு மேட்டுக் கடைசியில் இருந்த மரங்களைக் கொடுத்தான். வெட்டின பாலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவர்கள் பாடு. பிச்சைமுத்து வெட்டிக்கொண்டே இருப்பான், இருளாயி அவனுடைய பழைய ஹோண்டாவின் இரண்டு பக்கமும் பால் டின்களைக் கட்டிக்கொண்டு செம்மண் சரிவில் இறங்குவாள். மழையில் அந்தப் பாதை சோப்புப் போட்டது மாதிரி வழுக்கும். ஒரு சொட்டுப் பால் சிந்தியதில்லை என்று பிச்சைமுத்துவே பெருமையாகச் சொல்வான். இருந்தாலும் குத்தகைக்காரன் வேலைக்கு எழுதியது பிச்சைமுத்துவின் பெயரை மட்டும்தான். அவள் அவனுக்குக் கூடமாட ஒத்தாசையாம். அது இருளாயிக்குள் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

அந்த மரங்களையும் தள்ளிவிட்டு எண்ணெய் எடுக்கிற செம்பனை நட்டபோது இருவரும் புந்தோங்குக்கு வந்தார்கள். பிச்சைமுத்துவுக்கு ரீல் தூக்கும் வேலை கிடைத்தது, அதற்கென்று ஒரு ஹோண்டாவும் கொடுத்தார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. அப்துல் ரசாக் பாய் இரண்டு படக்கொட்டகைகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தார், சிலிபினில் ஒன்று, பத்து காஜாவில் ஒன்று. ஆனால் படம் ஒன்றுதான் வரும். சிலிபினில் முதலில் ஆரம்பித்து, ஓடி முடிந்த ரீல்களைச் சுற்றி டப்பாவில் போட்டுக் கொடுப்பார்கள். அவற்றைக் கோணிப்பையில் கட்டிக்கொண்டு லாஹாட், பூசிங் வழியாகப் பத்து காஜாவுக்கு ஓட வேண்டும். அங்கே ஒன்றரை மணி நேரம் தள்ளிக் காட்சி. கொடுத்துவிட்டு உடனே திரும்பி அடுத்த இரண்டு டப்பாவுக்கு ஓட வேண்டும். தாமதமானால் பத்து காஜாவில் திரை வெள்ளையாகிவிடும், ஜனங்கள் நாற்காலியைத் தட்டுவார்கள். பிச்சைமுத்து நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான், லாஹாட் வளைவில் சறுக்கி விழுந்து கால் ஒடியும்வரை.

மறுநாளே இருளாயி ரசாக் பாய் முன்னால் போய் நின்றாள். அவர் மோசமான மனிதர் இல்லை, ஆனால் ஊர் வாய்க்குப் பயந்தவர். தலையைச் சொறிந்தார், காலண்டரைப் பார்த்தார். கடைசியில், ஒரு படத்துக்கு மட்டும் ஓட்டிப் பார், ரீல் சம்பந்தமாக ஒரே ஒரு கோளாறு வந்தாலும் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றார். சரி என்று வந்துவிட்டாள். அது புருஷனுக்குப் பதிலாகச் செய்யும் வேலை என்று ஊரே நினைத்தது. அவள் மட்டும் அப்படி நினைக்கவில்லை. பட்டறைக்கு வந்து பிரேக்கைப் பார்க்கச் சொன்னபோது என்னிடம் சொன்னாள்: “அண்ணே, இந்த வேலையை நான் விட மாட்டேன். அவருக்குக் கால் சரியானாலும் விட மாட்டேன்.” பிச்சைமுத்துவிடமும் இதை நேராகவே சொல்லியிருந்தாள். அவன் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு சிரித்தானாம். அவனுக்கு அந்தச் சாலையைக் கண்டாலே வெறுத்துப் போயிருந்தது.

அவளுடைய நேரம், அந்த வாரம் தமிழ்ப்படம் வரவில்லை. வந்தது ஒரு பிரெஞ்சுப் படம். பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. சுவரொட்டியில் சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரி துப்பாக்கியோடு நின்றாள், அதனால் எங்களுக்கு அது கோட்டுக்காரி படம். கூலிக்குக் கொலை செய்கிறவள் அவள். அவளை வளர்த்து, சுடப் பழக்கி, ஆட்களைக் காட்டிவிட்டுக் கொல்லச் சொன்ன பெரிய மனிதனே ஒருநாள் அவளைத் தீர்த்துக்கட்ட நினைக்கிறான். அவள் திரும்பி நிற்கிறாள். கீழே மலாயிலும் சீனத்திலும் எழுத்து ஓடும், படிக்க முடிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டே பார்ப்பார்கள். பாட்டு ஒன்றுகூடக் கிடையாது.

பாட்டு இல்லாததுதான் வினை. பத்து காஜா கொட்டகையில் ஆப்பரேட்டர் சதாசிவம். ரீல் டப்பாக்கள் பல படங்களுக்கு மாறி மாறிப் பயன்பட்டவை, ஒரே டப்பாவில் மூன்று படத்து எண்கள் கிறுக்கியிருக்கும், அதை யாரும் நம்புவதில்லை. சதாசிவம் ரீலின் வரிசையைப் பாட்டை வைத்துத்தான் பிடித்து வைத்திருப்பான். தோட்டத்துப் பாட்டு மூன்றாவது ரீல், மழைப் பாட்டு ஆறாவது, சோகப் பாட்டு வந்தால் இன்னும் இரண்டு ரீல்தான். அப்படியே இருபது வருஷம் ஓட்டிவிட்டான், பேராவில் தன்னை மிஞ்சின ஆப்பரேட்டர் இல்லை என்றும் சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொள்வதில் அவனை மிஞ்சின ஆள் இல்லை என்பது மட்டும் உண்மை.

சனிக்கிழமை பகல், படத்தின் முதல் காட்சி. கடைசி இரண்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு இருளாயி கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் ஓரமாகப் போகும் அந்தச் சாலையில் எதிரே வரும் லாரிகூடத் தெரியவில்லை. கோணிப்பைக்கு மேலே தன் மழைக்கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டு, தான் நனைந்துகொண்டே ஓட்டினாள். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள், ஒரு துளி தண்ணீர் உள்ளே போகவில்லை. சதாசிவத்தின் கையில் பையைக் கொடுத்து, மேலே இருக்கிற டப்பா முன்னது, கீழே இருப்பது கடைசி என்று சொன்னாள். பிச்சைமுத்து காலத்திலிருந்தே அதுதான் வழக்கம்.

“எனக்கே பாடம் எடுக்கிறியா? நீ கீழ போ,” என்றான் சதாசிவம்.

அவள் கீழே போனதும் அவனுக்குச் சந்தேகம் வந்தது. பிடித்துக்கொள்ள ஒரு பாட்டும் இல்லாததால் இரண்டு ரீலின் முனையையும் விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்தான். ஒன்றில் பெரிய மாளிகை, இன்னொன்றில் ரயில் நிலையம். ரயிலேறித்தானே மாளிகைக்குப் போக முடியும் என்று அவனுடைய மூளை சொன்னது. கீழே இருந்த ரயில் நிலையத்தை முதலில் மாட்டினான்.

உண்மையில் மாளிகைதான் முன்னால் வர வேண்டும். கோட்டுக்காரி அங்கே போய் அந்தப் பெரிய மனிதனைச் சுடுகிறாள். பிறகு தப்பிக்க ரயில் நிலையத்துக்கு வருகிறாள், அவனுடைய ஆட்கள் அவளைச் சுட்டுவிடுகிறார்கள். நடைமேடையில் அவள் சிவப்புக் கோட்டோடு கிடக்க, படம் முடிகிறது. அதுதான் பிரெஞ்சுக்காரன் எடுத்த முடிவு.

பத்து காஜாவில் என்ன நடந்தது தெரியுமா? கோட்டுக்காரி நடைமேடையில் விழுந்தாள், செத்தாள், திரையில் முற்றும் என்பதற்கு அவர்கள் எழுத்தும் வந்துவிட்டது. ஜனங்கள் சே என்று எழுந்தார்கள். பாதிப்பேர் கதவுக்குப் போய்விட்டார்கள். மேலே சதாசிவத்துக்கு வேர்த்துக் கொட்டியது, கையில் இன்னும் ஒரு ரீல் மிச்சம் இருக்கிறது. வேறு வழி தெரியாமல் அதை மாட்டிவிட்டான். திரும்பிப் பார்த்தால் திரையில் அதே சிவப்புக் கோட்டு. செத்தவள் மாளிகைப் படியில் நிதானமாக ஏறிக்கொண்டிருக்கிறாள். வாசலில் நின்ற கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. அவள் தன்னைக் கொல்லச் சொன்னவன் முன்னால் போய் நிற்கிறாள். அவன் பேயைப் பார்த்தவன் போல முழிக்கிறான். சுடுகிறாள். கதவைத் திறந்துகொண்டு வெயிலில் நடந்து போகிறாள். ரீல் முடிந்து திரை வெள்ளையாகிறது. தோட்டத்துப் பெண்கள் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார்களாம்.

சதாசிவம் நல்லவனாக இருந்தால் இதோடு முடிந்திருக்கும். அவன் உடனே ரசாக் பாய்க்குப் போன் போட்டு, அந்தப் பொம்பளை ரீலை மாற்றிக் கொண்டுவந்து என் பெயரைக் கெடுத்துவிட்டாள் என்றான். பாய் காரை எடுத்துக்கொண்டு பத்து காஜாவுக்கே போனார். இருளாயி நடந்ததைச் சொன்னாள், மேலே எது, கீழே எது என்றும் சொன்னாள். பக்கத்தில் சாட்சி யாரும் இல்லை. இருபது வருஷ ஆப்பரேட்டரா, அன்றைக்குச் சேர்ந்த இருளாயியா? பாய் வேறு ஆள் பார்த்தாயிற்று என்றார். புது ஆள் புதன்கிழமை வருவான், அதுவரை ஓட்டு, பிறகு சாவியைக் கொடுத்துவிடு. அவள் கோணிப்பையைச் சுருட்டி வண்டியில் கட்டினாள். அடுத்த டப்பாக்களை எடுக்கச் சிலிபினுக்குப் போய்விட்டாள். எனக்கு அதைக் கேட்டபோது வந்த கோபத்தில் கையிலிருந்த ஸ்பேனரை விட்டெறிந்தேன்.

ஆனால் படம் பார்த்த ஜனங்களுடைய வாயை யார் கட்ட முடியும்? அன்று மாலைக் காட்சிக்குள் பத்து காஜா சுற்று வட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது. செத்த பொம்பளை எழுந்து வந்து பழி வாங்குகிறாள் என்று தோட்டம் தோட்டமாகச் செய்தி. முத்தம்மா என்ற பால்மரம் வெட்டுகிற பெண் தன் லயத்து வரிசை வீட்டுப் பெண்களையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது சதாசிவம் ஒழுங்கு மரியாதையாகச் சரியான வரிசையில் ஓட்டினான். கோட்டுக்காரி நடைமேடையில் விழுந்தாள், படம் முடிந்தது, விளக்குப் போட்டார்கள். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. அவள் எழுந்து வருவதைக் காட்டாமல் நாங்கள் போக மாட்டோம் என்று முத்தம்மா மேலே ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். சதாசிவம் படம் அவ்வளவுதான் என்று சொல்லிப் பார்த்தான். கடைசியில் மாளிகை ரீலை மறுபடி மாட்டித்தான் அவர்களை வெளியே அனுப்ப முடிந்தது. அன்றைக்குப் பிறகு பத்து காஜாவில் அந்தப் படம் தலைகீழாகத்தான் ஓடியது.

ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் புந்தோங்கில் பல்கீஸ் அக்காவுடைய தேநீர்க் கடையில் வேறு பேச்சே இல்லை. சிலிபினில் பார்த்தவர்கள் ஒரு கட்சி, பத்து காஜாவில் பார்த்தவர்கள் ஒரு கட்சி. நான் சிலிபின் கட்சி. அவள் செத்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தவன், எவன் சொன்னாலும் ஒத்துக்கொள்வேனா? எங்கள் கட்சிக்குத் தலைவர் கார்த்திகேசு, பள்ளிக்கூடத்தில் கணக்கெழுதும் கிராணி. கொலை செய்தவள் சாகத்தான் வேண்டும், அதுதான் கலை, அதுதான் நீதி என்று மேசையைத் தட்டுவார். அதற்கென்றே பஸ் ஏறி வந்த முத்தம்மா சும்மா விடுவாளா? கொல்லச் சொன்னவன் மாளிகையில் இருப்பான், சொன்னதைச் செய்தவள் நடைமேடையில் சாவாளா, இது எந்த ஊர் நீதி என்று கேட்டாள். பெண்ணுடைய கை துப்பாக்கி வெடித்தால் நடுங்காமல் இருக்குமா என்று ஒருவன் சந்தேகம் எழுப்பினான். விடிவதற்கு முன்னால் இருட்டில் கத்தி பிடித்து மரம் வெட்டுகிற கையை நீ பார்த்ததில்லையா என்று பதில் வந்தது. பல்கீஸ் அக்காவுக்கு வேறு வருத்தம். படம் முழுக்க அந்தப் பெண் ஒரு வாய் சாப்பிடவில்லை, ஒரு தே குடிக்கவில்லை, இத்தனை பேரை எப்படிக் கொல்வாள்? பாட்டில்லாத படம் ஒரு படமா என்று கேட்டவர்கள்கூட இரண்டாம் தடவை போனார்கள்.

சண்டை முற்றி, சிலிபின் கட்சி பஸ் ஏறிப் பத்து காஜாவுக்குப் போனது. பத்து காஜா கட்சி சிலிபினுக்கு வந்தது. இரண்டு கொட்டகையிலும் உட்கார இடமில்லை, சுவரோரம் நின்று பார்த்தார்கள். தீபாவளிக்கு வந்த படத்துக்குக்கூட அப்படிக் கூட்டம் இல்லை. நானும் போய்ப் பார்த்தேன். அவள் எழுந்து படியேறியதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்றோடு கட்சி மாறிவிட்டேன், கார்த்திகேசு என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

இத்தனை ஆரவாரத்துக்கும் நடுவில் அவள் மட்டும் டப்பாவைக் கட்டிக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தாள். படத்தை அவள் பார்க்கவே இல்லை, எங்கே நேரம்? ஆனால் பூசிங் தாண்டினால் சாலையோரத்தில் தோட்டத்துப் பெண்கள் நின்று, கோட்டுக்காரி வாரா என்று இவளைப் பார்த்துக் கையாட்ட ஆரம்பித்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை என்னிடம் வந்து வண்டியைக் கழுவித் தரச் சொன்னாள். நாளைக்குப் புது ஆளிடம் கொடுப்பதைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டுமாம். அவள் கண் சிவந்திருந்தது. நான் விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

கழுவி முடித்து இருவரும் பல்கீஸ் அக்கா கடைக்குப் போனோம். உள்ளே திருவிழா மாதிரி கூட்டம். நடுவில் சதாசிவம், பத்து காஜாவிலிருந்து வேலைமெனக்கெட்டு வந்திருக்கிறான், வாயெல்லாம் பல். எதிர் மேசையில் ரசாக் பாய். இப்படி ஒரு வசூலைப் பார்த்த பிறகு, இந்த முடிவை யார் யோசித்தது என்று ஆள் ஆளுக்குக் கேட்டிருக்கிறார்கள். சதாசிவத்துக்குத் தலைகால் புரியவில்லை. இருபது வருஷ அனுபவம், ரசிகனுடைய நாடித் துடிப்புத் தெரியும், பிரெஞ்சுக்காரன் செய்த தப்பை நான் திருத்தினேன் என்று அளந்துகொண்டிருந்தான். அந்தப் பொண்ணு சரியாத்தான் கொண்டாந்து குடுத்துச்சு, மேல இருக்கிறதுதான் முதல்னு சொல்லவும் செஞ்சுச்சு, நான்தான் மாத்தினேன் என்று சொல்லி முடித்தபோதுதான் நாங்கள் வாசலில் நின்றோம்.

கடையில் எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். பாதிப்பேருக்குச் சனிக்கிழமை நடந்தது தெரியும். இருளாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவன் முன்னால் நின்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

“அண்ணே, கடைசியா சொன்னது எனக்குச் சரியாக் கேக்கல. எல்லாருக்கும் கேக்குற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க.”

சதாசிவம் மாட்டிக்கொண்டான். இப்போது இல்லை என்றால் புகழ் போகும், ஆமாம் என்றால் பொய் வெளியாகும். அந்த மனிதன் எதைத் தேர்ந்தெடுத்தான் என்று நினைக்கிறீர்கள்? புகழைத்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஆமா, நான்தான் மாத்தினேன் என்றான் இரண்டாம் தடவையும். முத்தம்மா முதலில் சிரித்தாள், பிறகு கடையே சிரித்தது.

இருளாயி ரசாக் பாய் பக்கம் திரும்பினாள். “பாய், கேட்டுக்கிட்டீங்களா? நான் கொண்டாந்த ரீல்ல கோளாறு இல்ல.”

பாய் தே கோப்பையைத் தள்ளிவைத்தார். பிறகு எழுந்து நின்றார், அது எனக்குப் பிடித்தது. இத்தனை பேர் முன்னால், தப்பு என்னுடையதும்தான் என்றார். புது ஆளை வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், பிச்சைமுத்துவுக்குக் கால் சரியாகும்வரை நீயே ஓட்டு என்றார். சுற்றி நின்றவர்கள் கை தட்டத் தயாரானார்கள்.

“பிச்சைமுத்துக்குப் பதிலா ஓட்ட மாட்டேன் பாய். இது என் வேலையா இருந்தா நாளைக்கு வாரேன்.”

கையில் கிடைத்ததையும் கெடுத்துக்கொள்கிறாளே என்று நினைத்தேன். அப்போது பின்னால் ஊன்றுகோல் சத்தம். பிச்சைமுத்து எப்போது வந்தானோ தெரியவில்லை. “எனக்கு வாசல்ல டிக்கட் கிழிக்கிற வேலை போதும் பாய். அந்த ரோடு அவளுக்குத்தான் சரி,” என்றான். பாய் சிரித்துவிட்டார். இரண்டு பேருக்கும் வேலை என்றார். கைதட்டலில் பல்கீஸ் அக்காவுடைய கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. அன்றைக்கு நானும் கத்தினேன், வெட்கமில்லாமல் அழுதேன்.

வீடியோ கேசட் வந்து இரண்டு கொட்டகையும் மூடும்வரை, எண்பத்தாறுவரை, இருளாயிதான் ரீல் கொண்டுபோனாள். ஆனால் நான் முடிக்க நினைப்பது அந்தப் படத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையோடு. சிலிபினில் ஓட்டம் முடிந்துவிட்டதால் எல்லா டப்பாவையும் காலையிலேயே பத்து காஜாவில் சேர்த்துவிட்டு, முதல் தடவையாக அவள் படம் பார்க்க உட்கார்ந்தாள். நடு வரிசையில் இடம் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் பிச்சைமுத்து, ஒரு பக்கம் முத்தம்மா, சுற்றிலும் தோட்டத்துப் பெண்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். கோட்டுக்காரி நடைமேடையில் விழுந்து, முடிவு எழுத்து வந்தபோது ஒருவரும் அசையவில்லை. திரை இருண்டு, மறுபடி வெளிச்சம் வந்து, அவள் படியில் கால் வைத்ததும் கொட்டகையே எழுந்து நின்றது.

வெளியே வந்ததும் பெண்கள் இருளாயியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஊரே அபிப்பிராயம் சொல்லிவிட்டது, இவள் மட்டும்தான் பாக்கி. செத்தவள் எழுந்து வந்தது எப்படி இருந்தது என்று முத்தம்மா கேட்டாள். இருளாயி ஹோண்டாவை உதைத்துக் கிளப்பினாள்.

“அவ எங்க செத்தா? நான்தான தினமும் தூக்கிக்கிட்டு வந்தேன், எனக்குத் தெரியாதா,” என்றாள்.